முளைப்பாரியும் தட்டுக்கீரையும்

(மல்லசமுத்திரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பருத்தியும் குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் சோளமும் விளைகிற இந்த மல்லசமுத்திரத்தில், கூட்டுறவு விற்பனைச் சங்கத்துப் பருத்தி ஏலத்துக்கு மூட்டைகளை இறக்கிவிட்டு அப்படியே வந்து அமர்ந்திருக்கும் உங்கள் முன்னிலையில், பெருநகரத்து மாடிவீட்டார் தட்டுகளிலே வளர்த்து அரிந்து உண்கிற சின்னஞ்சிறு கீரையைப் பற்றிப் பேச வந்திருப்பது பொருத்தந்தானா என்ற ஐயம் உங்களில் சிலருக்கு எழுந்திருக்கக்கூடும். ஏக்கர்க் கணக்கில் உழுகிறவர்களுக்கு இரண்டு சாண் அகலத் தட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமே. எனினும் இந்த வித்தையின் அடிப்படையான அறிவு உங்கள் வீட்டுப் பெண்களிடத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது என்பதையும், அதைப் பக்திக்குரிய விஷயமாக மட்டும் கண்டு விவசாய அறிவாகக் காணாமல் விட்டுவிட்டோம் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்ற ஆவலினாலேயே இந்த விஷயத்தை நான் தேர்ந்துகொண்டேன்.

விஷயம் இன்னதென்று முதலில் விளங்க வேண்டும். பயற்றையோ சிறு விதையையோ ஊறவைத்து, அகன்ற தட்டிலே ஒன்றையொன்று தொடும்படி நெருக்கமாகப் பரப்பி, 7 முதல் 14 நாள் வரையில் வளர்த்து, முதல் இலைகள் விரிந்து நிற்கும் பருவத்திலே தண்டோடு அரிந்து எடுப்பதுதான் தட்டுக்கீரை. முளைகட்டிய பயறு வேறு, இது வேறு. முளைகட்டிய பயற்றில் விதையும் வேரும் முளையும் ஆகிய யாவற்றையும் உண்கிறோம். இதிலே வேரையும் விதையையும் தட்டிலே விட்டுவிட்டு, வெளிச்சம் உண்ட தண்டையும் இலையையும் மட்டுமே கொள்கிறோம்.

சீனரும் மேல்நாட்டாரும் இவ்வகையில் விரும்பி வளர்ப்பது பட்டாணித் தளிர். பூண்டு சேர்த்துக் கொதிக்கும் எண்ணெயிலே ஒரு புரட்டுப் புரட்டி எடுத்த பட்டாணித் தளிர் சீனர் விருந்தில் மதிப்புள்ள பதார்த்தம். ஆனால் பட்டாணி குளிர்ப்பிரதேசத்துப் பயிர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் செழிக்கிற அது நமது சமவெளியின் பங்குனி, சித்திரை வெயிலில் தட்டிலேயே அழுகிப் போகும். மார்கழி, தை மாதங்களிலே, நிழலும் காற்றோட்டமும் உள்ள திண்ணையிலே முயன்றால் இங்கும் வரும். அதனிடத்தில் ஒரு விசேஷ குணம் உண்டு. பட்டாணி முளைக்கும்போது அதன் பருப்பிலைகள் மேலே எழாமல் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆகையால் அடிக்கணுவுக்கு மேலாக அரிந்தெடுத்தால், உள்ளே எஞ்சிய சேமிப்பைக் கொண்டு மற்றொரு முறை துளிர்க்கிறது. நமது தட்டைப்பயறும் பாசிப்பயறும் கொள்ளும் அத்தகையன அல்ல. அவை பருப்பிலைகளைத் தலைமேல் சுமந்துகொண்டு வெளிவருவன. அரிந்தால் அத்தோடு முடிந்தது. ஒரு தட்டுக்கு ஓர் அறுவடை என்று கணக்கிட்டுக்கொண்டு, இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய இப்பயறுகளையும், இவற்றோடு வெந்தயம், கடுகு, கொத்தமல்லி, முள்ளங்கி, தண்டுக்கீரை ஆகியவற்றின் விதைகளையும் நாம் மேற்கொள்வதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். பட்டாணி கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

இனி முளைப்பாரிக்கு வருவோம்.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு முன்னால், மண் ஓட்டிலோ கலயத்திலோ கூடையிலோ வைக்கோலும் பொடி எருவும் கரம்பை மண்ணும் இட்டு, ஊறவைத்த பயறு வகைகளையும் தானியங்களையும் நெருங்கத் தூவி, வெளிச்சம் புகாத அறையிலே வைத்து, அளவறிந்து நீர் தெளித்து, ஏழு நாளோ ஒன்பது நாளோ காத்து வளர்த்து, உயரமாக, இளமஞ்சளாய் எழுந்து நிற்கிற அந்த முளையைத் தலையிலே சுமந்து ஊர்வலமாகச் சென்று, அம்மன் சந்நிதியிலே வைத்து வணங்கி, கடைசியிலே நீர்நிலையில் கரைக்கிற வழக்கத்தை இங்கே அறியாதார் எவரும் இரார். மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் முளை வளரும் இரவுகளிலே அதைச் சுற்றிப் பெண்கள் கும்மி கொட்டிப் பாடுவார்கள். நமது கொங்குப் பகுதியில் கும்பாபிஷேகம் நடக்கிற ஊர்களிலெல்லாம் தீர்த்தக்குடத்தோடு முளைப்பாரியும் சேர்ந்து புறப்படுவதைக் காண்கிறோம். ஆகமங்களிலே இதற்கு அங்குரார்ப்பணம் என்று பெயர். பாலிகை, கடிகை, சராவம் என்ற மூவகைப் பாத்திரங்களையும் அவை வகுத்துரைக்கின்றன. விதைகளுக்கும் செடிகொடிகளுக்கும் சந்திரனே அதிபதி என்ற கொள்கையினால் இந்தக் கிரியை இரவிலே நடைபெறுகிறது. திருமலையில் பிரம்மோற்சவத்துக்கு முந்தின மாலையிலே, பெருமாளின் படைத்தலைவராகிய சேனைமுதலியார் எழுந்தருளி மண்ணெடுத்து வந்து முளையிடுவிக்கும் வைபவம் இன்றும் நிகழ்கிறது. சிலப்பதிகாரத்திலே கண்ணகியின் திருமணத்தை வர்ணிக்கும் இளங்கோவடிகள், விளக்கேந்திய மங்கையரோடு முளைப்பாலிகை ஏந்திய மங்கையரையும் நிறுத்தியிருக்கிறார். அவ்வளவு பழமையான வழக்கம் இது.

நமக்கு மாத்திரம் உரிய வழக்கம் என்றும் எண்ண வேண்டாம். பாரசீகர் தமது புத்தாண்டாகிய நவ்ரோஸ் பண்டிகைக்குக் கோதுமையையும் பயற்றையும் தட்டிலே முளைக்கவைத்துப் பதின்மூன்றாம் நாள் வெளியிலே கொண்டுபோய் விடுகிறார்கள். வடநாட்டார் நவராத்திரியில் மண்சட்டியிலே வாற்கோதுமை முளையிடுகிறார்கள். புராதன கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள், கடுங்கோடையிலே உடைந்த பானை ஓடுகளில் கீரை விதைகளைத் தூவி, வீட்டுக் கூரைமேல் வளர்த்து, அவை வாடியதும் நீரிலே எறிந்தார்கள். அடோனிஸ் என்ற தேவனின் தோட்டம் என்று அதற்குப் பெயர். வேரூன்றாத, பலன் தராத முயற்சிக்கு அந்தத் தோட்டத்தையே பிளேட்டோ உவமையாக்கினார். முளைப்பாரியைப் பற்றி அவ்விதம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் ஒரு பலன் இருந்தது.

அந்தப் பலன் விதைப் பரிசோதனை. முளை செழித்தால் அவ்வருஷம் வெள்ளாமை செழிக்கும், முளை சோடை போனால் ஊருக்கு ஆகாது என்று பெரியவர்கள் சொல்வதைத் தெய்வ வாக்காக மட்டும் கொண்டுவிட்டோம். பல ஊர்களிலே முளைக்கான பயறும் தானியமும் வீடு வீடாகப் பெறப்படுகின்றன என்பதையும், ஆடியிலே முளைப்பாரி எடுக்கிற ஊர்களில் ஆடிப்பட்டத்து விதைப்பு அதையொட்டியே வருகிறது என்பதையும் சேர்த்து நோக்கினால், ஊரார் குதிரிலும் பானையிலும் சேமித்து வைத்திருக்கிற விதைக்கு உயிர் இருக்கிறதா என்பதை ஒரே நாளில், ஒரே இருட்டறையில், ஒரே ஈரத்தில் வைத்துச் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடாகவும் அது பயன்பட்டிருக்க வேண்டும் என்பது விளங்கும். விதைச் சோதனைச் சாலைகளும் இதையேதான் செய்கின்றன: நனைந்த காகிதத்திலோ மணலிலோ நூறு நூறாக 400 விதைகளை வைத்து, குறித்த நாளில் எத்தனை நல்ல முளை வந்தது என்று எண்ணுகிறார்கள். இத்தகைய சோதனைகளுக்குச் சர்வதேச விதிகளை வகுக்கும் சங்கம் 1924-இல்தான் தோன்றியது. நமது நாட்டு விதைச் சட்டம் வந்தது 1966-இல். அவற்றுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே நம் பெண்கள் அதைச் சந்நிதியில் வைத்து ஊரறியச் செய்து வந்தார்கள்.

முளைப்பாரிக்கும் தட்டுக்கீரைக்கும் உள்ள முக்கியமான பேதம் வெளிச்சம். இருட்டிலே முளைத்த செடி வெளிச்சத்தைத் தேடித் தனது சக்தி முழுவதையும் தண்டை நீட்டுவதிலேயே செலவிடுகிறது, இலையை விரிப்பதில்லை, பச்சையம் உண்டாவதில்லை. அம்மனுக்கு எடுக்கும் முளையின் உயரமும் மஞ்சள் நிறமும் இதனால் வந்தவையே. அதை வெளியிலே கொண்டுவந்து வைத்தால் சில மணி நேரத்திலேயே பசுமை ஏறத் தொடங்கும். இந்தப் பசுமை வெறும் நிறம் அன்று. அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தாரும் அந்நாட்டு விவசாய இலாகாவின் ஆராய்ச்சியாளரும் 25 வகைத் தட்டுக்கீரைகளைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்விலே, வெளிச்சத்தில் வளர்ந்த பட்டாணித் தளிரைவிட இருட்டிலே மஞ்சளாக வளர்த்த பட்டாணித் தளிரில் ஜீவசத்துகள் மிகக் குறைந்திருந்ததாகக் கண்டார்கள். அதே ஆய்வில், வைட்டமின் சி சிவப்பு முட்டைக்கோசிலும், கரோட்டின் வகைகள் கொத்தமல்லியிலும், வைட்டமின் கே செந்நிறத் தண்டுக்கீரையிலும், வைட்டமின் ஈ முள்ளங்கியிலும் மிகுதியாகக் காணப்பட்டன. முட்டைக்கோசு விதையை விட்டுவிட்டாலும் மற்ற மூன்றும் நமது அங்காடியிலேயே கிடைப்பவை. ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் முளைப்பாரி முறையையே கையாண்டு, பிறகு இருட்டறையின் கதவைத் திறந்துவிட வேண்டும். நாம் புதிதாகக் கற்க வேண்டியதில் பெரும்பங்கு இதுவே.

முளைக்கும் விதையிலே புதிதாக ஒரு சத்து பிறக்கிறது என்பது நமது தேசத்தின் துயரங்களோடு சேர்ந்து உலகுக்குத் தெளிவான உண்மை. முதல் உலக யுத்தத்தில் மெசபொட்டேமியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியச் சிப்பாய்கள், பச்சைக் காய்கறி கிடைக்காமல் ஸ்கர்வி என்னும் நோயினால் ஈறு வீங்கி இரத்தம் கசிந்து ஆயிரக்கணக்கில் வாடினார்கள். அவர்களுடைய மூட்டையிலே பயறும் பருப்பும் இல்லாமல் இல்லை. ஆனால் உலர்ந்த பயற்றில் வைட்டமின் சி கிடையாது. அதே பயற்றை நனைத்து ஓரிரு நாள் முளைக்கவிட்டால் அந்தச் சத்து உண்டாகிவிடுகிறது என்பதை லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரியட் சிக் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து நிறுவினார்கள். பிறகு 1940-ஐ ஒட்டிப் பஞ்சாபின் ஹிஸ்ஸார் ஜில்லாவில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, முளைகட்டிய கொண்டைக்கடலையைக் கொடுத்தே அந்த நோயைத் தணித்தார்கள். நமது குன்னூரில் மெக்காரிசன் தொடங்கி வைத்த ஆகார ஆராய்ச்சிக்கூடம், அய்க்ராய்ட் தலைமையில் 1937-இல் இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அட்டவணையிட்டு ஒரு சிறு நூலை வெளியிட்டது. மலிவான பயற்றை முளைகட்டி உண்ணும் முறையை ஜனங்களிடத்தில் பரப்புவதில் அக்கூடத்தாருக்கு அக்கறை இருந்தது. குன்னூர் மலையிலிருந்து சொல்லப்பட்டது மல்லசமுத்திரத்துச் சமையலறைக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பதே என் மனக்குறை.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். தட்டுக்கீரையைச் சர்வரோக நிவாரணி என்று புகழ்வாரும், வீட்டுக்குள்ளிருந்தே மாதந்தோறும் பெருந்தொகை ஈட்டலாம் என்று ஆசை காட்டுவாரும் பெருகியிருக்கிறார்கள். தட்டிலே பெருகுகிற எடையில் பெரும்பகுதி நீர். கறவை வைத்திருக்கும் நீங்கள் மண்ணில்லாத் தட்டுத் தீவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கிவரும் நாமக்கல் சீமையில் அது புதிய பேச்சு அன்று. 1 கிலோ மக்காச்சோளத்தை முளைக்கவைத்தால் எட்டு நாளில் 5 அல்லது 6 கிலோ பசுந்தீவனம் வருகிறது. கண்ணுக்கு அது பெரிய லாபமாகவே தோன்றும். ஆனால் அதை உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் விதையில் இருந்த உலர்பொருளைவிட அதிகம் இராது. முளைக்கும்போது விதை சுவாசித்துச் செலவிட்டது போகச் சற்றுக் குறைந்தே இருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோடையில் பச்சை என்ற ருசியும் செரிமான சுலபமும் கிடைக்கின்றன என்பது மெய். வயிறு நிரப்பும் தீவனமாக அதை நம்பக்கூடாது. மனிதருக்கும் நியாயம் அதுவே. தட்டுக்கீரை சோற்றுக்கோ பருப்புக்கோ மாற்றாகாது. அவற்றோடு ஒரு பிடி சேருவதற்கு உரியது. ராகியிலும் கம்பிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்கு வைட்டமின் சி துணைசெய்வதால், அந்த ஒரு பிடி, சோகை பிடித்த நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவியாகிறது.

விற்பனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரிந்த தளிர் சீக்கிரம் வாடுவது. குளிர்சாதனமும் தினந்தோறும் வாங்குவோரும் இன்றி நிலைக்காது. சேலத்திலோ ஈரோட்டிலோ ஓர் உணவு விடுதியின் உறுதியைக் கையில் வாங்காமல் கடன்பட்டு அலமாரி அலமாரியாகத் தட்டு வாங்கி அடுக்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். முதலில் வீட்டுக்கு வளருங்கள்.

வளர்க்கும் விதம் கடினமானதன்று. அடியிலே துளையிட்ட ஆழமில்லாத தட்டு. அதிலே இரண்டு விரற்கடை உயரத்துக்கு நன்றாக மட்கிய தொழுவுரம் கலந்த மண்ணோ, தேங்காய்நார்க் கழிவோ. நார்க்கழிவைப் பலமுறை நல்ல தண்ணீரிலே அலசிப் பிழிந்த பின்னரே இட வேண்டும். அதில் உப்பு மிகுதி. நமது ஆழ்துளைக் கிணறுகள் சிலவற்றில் தண்ணீரே உப்பாக இருப்பதால், மழைநீரோ குடிநீரோ தனியே எடுத்து வைத்துக்கொள்வது நலம். தட்டைப்பயற்றைக் குளிர்காலத்தில் இரவு முழுவதும் ஊறவிடலாம். கோடையிலே ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு மேல் விட்டால் புளித்து நாற்றமெடுக்கும். கொத்தமல்லியை மெல்லத் தேய்த்து இரண்டாகப் பிளந்து ஊறவைக்க வேண்டும். கடுகுக்கும் தண்டுக்கீரைக்கும் ஊறலே வேண்டாம். பரப்பிய விதையின்மேல் மற்றொரு தட்டைக் கவிழ்த்துச் சிறிது பாரம் வைத்தால் வேர் கீழ்நோக்கி உறுதியாக இறங்கும். முளை தலைதூக்கியதும் தட்டை எடுத்துவிட்டு, நேர்வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் படும் தாழ்வாரத்திலே வையுங்கள். நீரை மேலிருந்து தெளிக்காமல், வேறொரு தட்டில் ஊற்றி அதன்மேல் துளைத்தட்டைச் சற்று நேரம் வைத்து அடிவழியே உறிஞ்சவிடுவது சாலச்சிறந்தது. தண்டு நனைந்தபடி நெருங்கி நின்றால் பூஞ்சை பிடித்து அடியழுகிச் சாயும். வேரைச் சுற்றிப் பஞ்சு படர்ந்தது போன்ற வெண்மையைக் கண்டு பூஞ்சை என்று பயந்து தட்டையே கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. நீர் தெளித்தவுடன் அது மறைந்தால் வேர்த்தூவி. மறையாமல் இழையிழையாகத் தொடர்ந்து, முடைநாற்றமும் வந்தால் பூஞ்சை. ஜன்னலோரத்தில் வைத்த தட்டில் செடிகள் யாவும் வெளிச்சத்தின் பக்கமே சாயும்; வெளிச்சத்தை உணர்வது நாற்றின் நுனிப்பகுதியே என்பதைச் சார்லஸ் டார்வினும் அவர் மகனும் புல்நாற்றுகளை வைத்துச் சோதித்து 1880-இல் நூலாகவே எழுதினார்கள். நாம் செய்ய வேண்டியது தட்டைத் தினம் ஒருமுறை திருப்பி வைப்பது.

தட்டைப்பயற்றுத் தளிரையும் பாசிப்பயற்றுத் தளிரையும் கடலெண்ணெயில் கடுகும் வரமிளகாயும் தாளித்துப் பொரியலாக்கலாம். பருப்புக் கடைசலை இறக்கி வைத்த பிறகு அரிந்து தூவிக் கிளறலாம். அடுப்பிலே நெடுநேரம் கொதித்தால் வைட்டமின் சி அழியும் என்பதனால் கடைசியிலே சேர்ப்பதுதான் முறை. வெந்தயத் தளிர் இலேசான கசப்போடு தயிருக்கு இசையும்.

சில அபாயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சற்று நேரத்தில் மூச்சுத் திணறி விழுந்து மாள்வதை இந்தப் பக்கத்திலே அறிவீர்கள். சோளத்தின் இளங்குருத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. பருவம் ஏற ஏறத்தான் அது குறைகிறது. ஆகையால் நவதானியத்தில் எது முளைத்தாலும் தின்னலாம் என்று எண்ணி, சோளத்தைத் தட்டிலே வளர்த்து உண்பது கூடவே கூடாது; சந்நிதியில் வைப்பதற்கு மட்டும் அது இருக்கட்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளையும் தின்னலாகாது. வயலில் விதைப்பதற்கென்று சிவப்போ நீலமோ மருந்து பூசி விற்கிற விதை எக்காரணத்தைக் கொண்டும் இந்தத் தட்டுக்கு வரக்கூடாது. பலசரக்குக் கடையில் சமையலுக்கு விற்கும் முழுப்பயற்றையோ, உங்கள் காட்டில் விளைந்த மருந்து கலவாத விதையையோ பயன்படுத்துங்கள். 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையின் வழியாகக் கிருமி பரவி, ஏறக்குறைய நாலாயிரம் பேர் நோயுற்று, ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். முளையை வேரோடு, ஈரத்தோடு, பச்சையாக உண்பதில் உள்ள ஆபத்து அது. மேலே உள்ள தண்டை மட்டும் அரியும் தட்டுக்கீரையில் அபாயம் குறைவு எனினும், தட்டைக் கழுவி வெயிலில் காயவைக்காமலும், சரியாக மட்காத சாணத்தை இட்டும் வளர்த்தால் அங்கும் கிருமி வரும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை கடந்த சிறு பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் ஒரு சூடு காட்டியே கொடுங்கள்.

கடைசியாக, இந்த ஊர்ப் பெரியவர்களுக்கும் கோயில் காரியஸ்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த நோன்பிக்கு முளையிடும்போது, ஒவ்வொரு வீட்டிலிருந்து வரும் பயற்றிலும் தானியத்திலும் நூறு நூறாக எண்ணித் தனித்தனி ஓடுகளில் இட்டு, இன்ன காட்டு விதை, எந்த வருஷத்து விளைச்சல், எதிலே சேமித்தது, ஏழாம் நாள் எத்தனை முளை என்று ஒரு குறிப்பேட்டிலே எழுதி வையுங்கள். சான்று விதைக்கு அரசாங்கம் விதித்த குறைந்தபட்ச முளைப்பு, நெல்லுக்கு நூற்றுக்கு 80, பாசிப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு ஆகியவற்றுக்கு 75, நிலக்கடலைக்கு 70. அந்த அளவுக்குக் கீழே நிற்கும் விதையை அவ்வருஷம் விதைப்பிலிருந்து நீக்கிவிட்டு, மேலே நிற்கும் வீட்டாரிடம் படிக்குப் படி மாற்றிக்கொள்ளலாம். இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் எண்ணுவதற்கும் எழுதுவதற்கும் ஆசையோடு வருவார்கள். அவர்களிடமே அந்தக் குறிப்பேட்டை ஒப்படைத்துவிடுங்கள்.